காணாமல் போன ஏழாம் பிரிவு

பட்டணத்துக்கு நுரையீரல் வேண்டும் என்று வக்கீல் ராதாகிருஷ்ணன் பேசத் தொடங்கி மூன்று வருஷமாகிவிட்டது. கோயில் திருவிழாவில் பேசினார். வாசகசாலை ஆண்டுவிழாவில் பேசினார். யாரோ ஒருவருடைய இரங்கல் கூட்டத்திலும் செத்தவரை இரண்டு வரியில் முடித்துவிட்டுத் திறந்தவெளியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கடைசியில் அவருடைய வாயை அடைக்கவோ என்னவோ, 1932-இல் அவரைப் பட்டணக் கமிட்டியில் அங்கத்தினராகப் போட்டார்கள். வாய் அடையவில்லை.

அதே வக்கீல் அன்று காலை ஒன்பது மணிக்கு, துப்பறியும் வீரசிங்கத்தின் அறையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அரிசிக் கடைக்கு மேல்மாடி அது. வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். பதினெட்டு வருஷம் அரசாங்கத்தில் நில வரைபடம் வரைந்தவர். போன வருஷம் சரக்கு விலையெல்லாம் விழுந்து ஆட்குறைப்பு வந்தபோது, முதல் பட்டியலிலேயே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்ணும் ஒரு பூதக்கண்ணாடியும் மட்டும் கையில் மிஞ்ச, அதை வைத்து இந்தத் தொழிலைத் தொடங்கினார். உதவிக்கு அய்யாவு. அவன் கோலாலம்பூர் - கிள்ளான் பஸ்ஸில் ஆறு வருஷம் டிக்கெட் கொடுத்தவன். முதலாளியின் மீசையைப் பற்றி முதலாளியின் காதுபடவே ஒரு கருத்துச் சொன்னதால் வேலை போனது.

வக்கீல் விஷயத்தைச் சொன்னார். பட்டணத்தில் குடியிருப்பு கட்டுவதற்கு இருந்த பழைய விதி, வீட்டுக்குக் கால் ஏக்கர் மனை வேண்டும் என்றது. அதனால் நிலம் வைத்திருந்தவர்கள் எல்லாம் மூலை முடுக்கு விடாமல் மனைகளாக வெட்டித் தள்ளினார்கள். பிள்ளைகள் பந்து உருட்டக்கூட இடம் மிஞ்சவில்லை. கமிட்டி அதைத் திருத்தப் புறப்பட்டது. இனிமேல் வீடுகளை நெருக்கிக் கட்டிக்கொள்ளலாம். மனையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு மொத்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை என்றைக்கும் திறந்தவெளியாக விட்டுவிட வேண்டும். நல்ல விதிதான். அதற்கு ஒரு தாழ்ப்பாளும் வைத்திருந்தார்கள். அந்தத் தாழ்ப்பாள்தான் ஏழாம் பிரிவு. திறந்தவெளி அந்தந்தத் திட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கவேண்டும், ஒரு திட்டத்துக்குக் காட்டிய இடத்தை இன்னொரு திட்டத்துக்குக் காட்டக்கூடாது என்று அது சொன்னது.

கமிட்டி ஏற்றுக்கொண்ட நகலில் அந்தப் பிரிவு இருந்தது. அச்சாகி வந்த அறிவிப்பில் இல்லை. எட்டாவது பிரிவு நல்ல பிள்ளையாக ஏழாவது என்று பெயர் மாற்றிக்கொண்டு நின்றது. விதிக்கு முத்திரை வைக்கும் கூட்டம் அன்று பிற்பகல் மூன்று மணிக்கு. நகலை அச்சகத்துக்குக் கொண்டுபோனவர் கமிட்டி ஆபீஸ் குமாஸ்தா தங்கரத்தினம். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த மனிதர்.

"தங்கரத்தினம் உங்க ஊர்க்காரரு. வேற யாராச்சும் அவரைக் குற்றவாளின்னு சொன்னா, ஊர்ப்பேச்சு வரும். நீங்களே சொல்லிட்டா அதுக்கு அப்பீல் கிடையாது பாருங்க" என்றார் வக்கீல். மூன்று மணிக்கு முன்னால் கூட்டத்துக்கு வந்து அதைச் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அய்யாவு படியிறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்தான்.

"ஐயா, அவரு துப்புக் கேட்டு வரல. தீர்ப்பை எழுதிக்கிட்டு வந்து கையெழுத்துக் கேட்டாரு" என்றான்.

வீரசிங்கத்துக்கும் அதுதான் தோன்றியிருந்தது. யாழ்ப்பாணத்தான் கழுத்தை யாழ்ப்பாணத்தான் கையாலேயே நெரிக்கப் பார்க்கிற புத்தி அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் அதற்காகவே தங்கரத்தினம் யோக்கியர் என்று ஆகிவிடாது. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ குமாஸ்தாக்களை அவர் பார்த்தாகிவிட்டது. தாள் ஒன்றுதான் பொய் சொல்லத் தெரியாத சாதி. கோட்டை மாட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் புறப்பட்டார்.

பத்து ரோடு என்கிற கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அச்சகம். அச்செழுத்துக் கோக்கும் பக்கிரிசாமி மை அப்பிய கையோடு வந்தார். தன்னிடம் வந்ததைத்தான் கோத்தேன், ஒரு புள்ளிகூட விடவில்லை என்று யாரும் கேட்பதற்கு முன்பே சத்தியம் செய்தார். நகல் இன்னும் இருக்கிறதா என்று வீரசிங்கம் கேட்டார். இருந்தது. ஆணியில் மாட்டியிருந்த காகிதக் குவியலிலிருந்து, தட்டச்சு செய்த நான்கு தாள்களை எடுத்துக் கொடுத்தார். நான்காவது தாளின் கீழே கமிட்டி அங்கத்தினர் ஐந்து பேரின் சுருக்கக் கையெழுத்து. மூன்றாவது தாளில்தான் ஏழாம் பிரிவு இருந்திருக்க வேண்டும். அங்கே ஆறுக்குப் பிறகு எட்டாவதன் வாசகம் ஏழு என்ற எண்ணோடு வந்தது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

வீரசிங்கம் வாசகத்தைப் படிக்கவில்லை. தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்து, இடது மேல் மூலையை மட்டும் பார்த்தார்.

"அய்யாவு, இந்த ஊர் ஈரத்தில குண்டூசி எத்தினை நாளில துருப்பிடிக்கும்?"

"எங்க முதலாளி புதுசா வாங்குன பஸ்ஸே மூணே மாசத்துல துருப்புடிச்சிச்சுங்க. குண்டூசி என்ன பண்ணும், பாவம்."

"சரி. அப்ப இதைப் பாரும்."

முதல் தாளின் மூலையில், குண்டூசி குத்திய துளையைச் சுற்றிக் காவி நிறத்தில் ஒரு கறை. இரண்டாவதிலும் அதே இடத்தில் அதே கறை. நான்காவதிலும் அப்படியே. மூன்றாவதில் துளை மட்டும் இருந்தது. கறை இல்லை. நகல் இரண்டு மாதமாகக் கமிட்டி ஆபீஸில் ஒரே குண்டூசியில் கிடந்தது. மூன்றாவது தாள் மட்டும் நேற்று வந்த மாப்பிள்ளை மாதிரி வெள்ளையாக நின்றது.

அத்தோடு முடியவில்லை. அந்தத் தாளின் இடது ஓரம் வெட்டப்பட்டிருந்தது. அச்சகத்துக் கத்தி வெட்டினால் ஒரே கோடாகப் போகும். இதுவோ விரலளவுக்கு ஒருமுறை நின்று நின்று போயிருந்தது. சின்னக் கத்தரிக்கோல். கீழே ஓரிடத்தில் கத்தரி வழுக்கி, தலைமயிர் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கோட்டை விட்டுவைத்திருந்தது. வீரசிங்கம் பூதக்கண்ணாடியை மடித்துப் பையில் போட்டார். ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட தாளை எந்த அரசாங்க ஆபீஸும் வாங்குவதில்லை. நிலப் பத்திரம் எழுதுகிற வக்கீல்கள்தான் வாங்குவார்கள். பதினெட்டு வருஷம் அந்தப் பத்திரங்களோடு வரைபடத்தை ஒட்டியவர் அவர்.

"இந்தப் பட்டணத்துல வக்கீலுங்க முப்பது பேராவது இருப்பாங்களே" என்றான் அய்யாவு.

"முப்பது பேரிலயும் இந்தப் பிரிவு எவனைக் கடிக்குது எண்டு பாப்பம்."

பக்கிரிசாமியிடம் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு நகலை வாங்கிக்கொண்டார்கள். வரப்போகும் புது விதியின்கீழ் வீடு கட்ட விண்ணப்பித்தவர்களின் வரைபடங்களைப் பொதுமக்கள் பார்ப்பதற்காகக் கமிட்டி மண்டபத்தில் மாட்டியிருந்தார்கள். ரிக்‌ஷா பிடித்து அங்கே போனபோது மணி ஒன்று.

மண்டப வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். வீரசிங்கத்தைப் பார்த்ததும் நேரே வந்தாள். தன் பெயர் நேசம்மா, குமாஸ்தா தங்கரத்தினத்தின் பெண்சாதி என்றாள். வக்கீல் யாரை ஏற்பாடு செய்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அழவில்லை. கெஞ்சவும் இல்லை.

"அவர் அந்த நகலைத் தூக்கிக்கொண்டு அஞ்சு அங்கத்தினர் வீட்டுக்கும் கையெழுத்துக்குப் போனவர். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ராத்திரி வைச்சிருந்துதான் திருப்பித் தந்தவை. அதை ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்களாவது கேளுங்கோ" என்றாள்.

அந்த ஐந்து பேர் யார் என்று வீரசிங்கம் கேட்டார். தலைவராயிருந்த வெள்ளைக்காரத் துரை, ஒரு டாக்டர், ஈயச் சுரங்க முதலாளியான ஒரு சீனத் தவுக்கே, ஒரு ரயில்வே என்ஜினியர், அப்புறம் ராதாகிருஷ்ணன். வக்கீல் ஒரே ஒருவர்தான். அய்யாவு ஏதோ சொல்ல வாயெடுத்தான். வீரசிங்கம் கையைக் காட்டி நிறுத்தினார். ஏன் என்பது தெரியாமல் யார் என்பதை வைத்துக்கொண்டு ஒரு பயனும் இல்லை.

உள்ளே சுவர் முழுக்கப் பச்சை. எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் பச்சை வர்ணம், சின்னச் சின்ன மரங்கள், நடுவில் ஒரு பெஞ்சு. வீரசிங்கத்துக்கு வாய் கசந்தது. வர்ணப்பெட்டியில் சீக்கிரம் தீர்வது பச்சைதான் என்பது அவருக்குத் தெரியும். 1924-இல் ஒரு கோயில் தர்மகர்த்தாவின் நிலத்துக்கு அவரே அவ்வளவு அழகாகப் பச்சை தீட்டிக் கொடுத்திருந்தார். இன்று அந்தப் பச்சையின்மேல் பதினொரு கடைகள் நிற்கின்றன.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இரண்டு திட்டங்கள் இருந்தன. கிழக்குச் சுவரில் 'சாந்தி நகர்', விண்ணப்பதாரர் தனலெட்சுமி. மேற்குச் சுவரில் 'பூஞ்சோலை', விண்ணப்பதாரர் இராஜம்மா, கிள்ளான். ஒவ்வொன்றிலும் நாற்பது வீடு. ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்கு திடல். இரண்டையும் இறக்கிப் பார்க்க மண்டபத்துப் பியூனிடம் அனுமதி வாங்கி, நீள மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். அய்யாவு மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றான்.

"எதுக்குங்க ஒரே படத்தை ரெண்டு வாட்டி வரைஞ்சிருக்காங்க?" என்று கேட்டான்.

"ரெண்டும் வேற படம்."

"உங்களுக்கு வேறயா இருக்கலாம். இங்க நின்னு பார்த்தா, இந்தத் திடல்தான் அது. இஸ்திரிப்பெட்டி மாதிரி. மூக்குல ஒரு கிணறு. கிணத்துப் பக்கமா ரயில் ரோடு வளையுது. பால்கார வீரம்மா அக்கா மாடு கட்டுவாங்களே, லைன் வீட்டுக்காரங்க பாடாங் திடல், அதேதான்."

வீரசிங்கம் 'பூஞ்சோலை'யைத் தலைகீழாகத் திருப்பினார். இரண்டு இஸ்திரிப்பெட்டிகளும் மூக்கோடு மூக்கு ஒன்றாகின. வடக்கைக் காட்டும் அம்புக்குறியைத் தேடினார். 'பூஞ்சோலை'யில் அது ஒரு மூலையில், எறும்பு அளவில், கீழ்நோக்கிக் கிடந்தது. தெற்கை மேலே வைத்து வரைபடம் போடுகிறவனை அவர் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை. ரயில்வே லைன் வீட்டு ஜனங்கள் துணி காயப்போட்டு, மாடு கட்டி, பிள்ளைகளை ஓடவிடுகிற அந்த ஒரே திடலை, வலப்பக்கத்துத் திட்டத்துக்கும் காட்டி, இடப்பக்கத்துத் திட்டத்துக்கும் காட்டி, நாற்பது வீட்டுக்கு மட்டும் போதுமான திறந்தவெளியை வைத்து எண்பது வீடு கட்டப் பார்க்கிறார்கள். ஏழாம் பிரிவு இருந்தால் ஒன்று விழும். இல்லையென்றால் இரண்டும் சட்டப்படி சரி. திருட்டுக்குச் சட்டமே காவல் நிற்கும்.

தனலெட்சுமி வக்கீலின் மனைவி என்பது ஊருக்கே தெரியும். கமிட்டிக்காரர் தம் பெயரில் விண்ணப்பிக்க முடியாதென்று மனைவி பெயரில் போட்டிருந்தார். அது எல்லோரும் செய்கிற வழக்கமான அசிங்கம்தான். ஆனால் கிள்ளான் இராஜம்மா யார் என்று வீரசிங்கத்துக்குப் புரியவில்லை. அய்யாவு தலையைச் சொறிந்தான். அவன் அப்படித் தயங்கி அவர் பார்த்ததில்லை.

"அந்தம்மாவை எனக்குத் தெரியும். கிள்ளான்ல ஆத்தோரமா வீடு. சனிக்கிழமைதோறும் வக்கீலு சொந்த மோட்டாரை விட்டுட்டு வந்து, அந்த வீட்டு வாசல்ல பஸ்ஸை நிறுத்தி எறங்குவாரு. திங்கக்கிழமை காலைல ஏறுவாரு. கட்சிக்காரங்க வீடுன்னு எங்கிட்ட சொல்லியிருக்காரு. எந்தக் கட்சிக்காரங்க புருஷனுக்குக் குடுக்கிற மாதிரி மீன் சம்பல் கட்டிக் குடுத்தனுப்புவாங்க? ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே முற்றத்தைக் காட்டியிருக்காருங்க மனுஷன்."

மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கியது. விதி நிறைவேறியதும் விண்ணப்பங்களை எடுப்பார்கள், விண்ணப்பதாரர் நேரில் வரவேண்டும் என்பதால், தனலெட்சுமி முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். இராஜம்மாவின் விண்ணப்பம் அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. யார் தள்ளினார் என்று கேட்கத் தேவையில்லை. நேசம்மா கடைசி வரிசையில் நின்றாள்.

ராதாகிருஷ்ணன் எழுந்து திறந்தவெளியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். ஒரு குமாஸ்தாவின் துரோகத்தால் பட்டணத்தின் மூச்சு நிற்கப்போகிறது என்றார். விடுபட்ட பிரிவை நிதானமாக அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு இருக்கிற விதியை நிறைவேற்றிவிடுவோம் என்று பெருந்தன்மையோடு முடித்தார். பிறகு வீரசிங்கத்தைக் கைகாட்டினார்.

வீரசிங்கம் மூன்றாவது தாளைத் துரையின் முன்னால் வைத்தார். துருவைக் காட்டினார். சிவப்புக் கோட்டைக் காட்டினார். இரண்டு வரைபடங்களையும் விரித்து, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினார். துரை குனிந்து பார்த்தார். தவுக்கே எழுந்து வந்து பார்த்தார். மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது.

ராதாகிருஷ்ணன் கலங்கவே இல்லை. அதுதான் வீரசிங்கத்துக்கு வியப்பாக இருந்தது. மனிதர் சிரித்தபடியே எழுந்தார். கையெழுத்து வாங்க வந்த தங்கரத்தினம் என் மேஜையிலிருந்தே ஒரு தாளைத் திருடியிருக்கிறான், ஓரத்தை வெட்டி மாற்றிச் செருகியிருக்கிறான் என்றார். பூஞ்சோலைத் திட்டம் யாரோ ஒரு கிள்ளான் அம்மாளுடையது, அவளுக்கு உதவத்தான் குமாஸ்தா இதைச் செய்திருக்க வேண்டும் என்றார். துரை தலையை ஆட்டத் தொடங்கினார். கடைசி வரிசையிலிருந்து நேசம்மா வீரசிங்கத்தையே பார்த்தாள்.

வீரசிங்கத்திடம் வேறு சாட்சி இல்லை. ஒரே ஒரு வழி இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. முன்வரிசைப் பட்டுப்புடவையை ஒருமுறை பார்த்தார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார். விண்ணப்பதாரர் பெண்ணாக இருந்தால் கணவன் பெயரைச் சத்தியப்பத்திரத்தில் எழுதவேண்டும், கோப்பில் இருக்கும் இரண்டு பத்திரங்களையும் வாசிக்கச் சொல்லுங்கள் என்று துரையிடம் கேட்டுக்கொண்டார். சத்தியப்பத்திரத்தில் பொய் எழுதினால் வக்கீல் தொழிலுக்கான சன்னதே போய்விடும். அந்தப் பயத்தில் ராதாகிருஷ்ணன் அங்கே மட்டும் உண்மை எழுதியிருப்பார் என்று அவர் கணக்குப் போட்டார்.

கமிட்டி மொழிபெயர்ப்பாளர் கோப்பைப் பிரித்து வாசித்தார். தனலெட்சுமி, ராதாகிருஷ்ணன் மனைவி, பிரிக்பீல்ட்ஸ். இராஜம்மா, ராதாகிருஷ்ணன் மனைவி, கிள்ளான். இரண்டாவதை வாசிக்கும்போது அவருடைய குரல் தானாகவே தணிந்தது.

வக்கீல் வாயைத் திறந்தார். அவருடைய வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

தனலெட்சுமி எழுந்தாள். கணவன் பக்கம் திரும்பவில்லை. மேஜைக்கு வந்து அந்த மூன்றாவது தாளை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இதை வெட்டுனது நான்தான். குமாஸ்தா இல்ல. தையல் கத்தரியால வெட்டினேன். ஓரத்துல கோடு இருந்தா துரைக்குப் பிடிக்காதுன்னு சொன்னாரு. வெட்டிக் குடுத்துட்டு, எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியலியேன்னு அன்னிக்கு வருத்தப்பட்டேன்" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அதைத் துரைக்குச் சொல்லி முடிக்கும்வரை அவள் நின்றாள். பிறகு தன் பெயரில் உள்ள விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொன்னாள்.

அதற்குமேல் கமிட்டி வேகமாக நடந்தது. மாட்டிக்கொண்டவன் வேறொருவன் என்றால் கமிட்டிகளுக்கு வருகிற சுறுசுறுப்பே தனி. ஏழாம் பிரிவு பழைய இடத்துக்கே வந்தது. பூஞ்சோலையும் தள்ளுபடியானது. தங்கரத்தினம் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பலாம் என்று உத்தரவு எழுதினார்கள். மன்னிப்பு என்ற சொல் மட்டும் எந்தத் தாளிலும் ஏறவில்லை. ராதாகிருஷ்ணன் உடல்நலம் காரணமாக விலகுவதாக அங்கேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மார்புச்சளி என்று காரணம் காட்டியிருந்தார்.

வெளியே வந்தபோது மழை பிடித்திருந்தது. வாசல் கூரையின்கீழ் நின்ற வீரசிங்கத்துக்குத் தனலெட்சுமியின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஒரு குமாஸ்தாவைக் காப்பாற்ற ஒரு பெண்ணின் வீட்டை ஊர்நடுவில் பிரித்துப் போட்டது தாம்தான் என்பதை அவர் மறைக்க நினைக்கவில்லை. அருகில் போய், வேறு வழி தெரியவில்லை அம்மா என்றார்.

அவள் கிள்ளானுக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

நாலே முக்காலுக்கு என்றான் அய்யாவு. போய் என்ன செய்யப்போகிறாள் என்ற கலவரம் அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

"அவளும் கேக்காமத்தான் கையெழுத்துப் போட்டிருப்பா. நாளைக்கு இவரு போயி அவகிட்ட வேற கதை சொல்றதுக்கு முந்தி நான் போகணும்" என்றாள் தனலெட்சுமி.

வக்கீலின் மோட்டார் வாசலுக்கு வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்தான். தனலெட்சுமி அதைத் தாண்டி மழையில் இறங்கினாள். நேசம்மா தன் குடையை விரித்துக்கொண்டு ஓடிப்போய் அவளோடு சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் ரயிலடிப் பக்கமாக நடந்தார்கள். பின்னால் படியில் வந்து நின்ற ராதாகிருஷ்ணன், யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், திறந்திருந்த மோட்டார்க் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.